காளைக் கன்றையும் கறவை நின்ற மாட்டையும் பண்ணைக் கணக்கில் எங்கே எழுதுவது?

கட்டுத்தரை (கேள்வி)

வணக்கம்ங்க. ஜெர்சி கலப்பினம் ஐந்து உருப்படி, ஒரு ஏக்கர் தீவனப்புல், பால் முழுவதும் சொசைட்டிக்கு. இப்படி ஒரு பண்ணைத் திட்டத்துக்குக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். வங்கிக்குக் கொடுக்கும் மாதிரி அறிக்கைகளில் எல்லாம் ஒரே வரிசைதான். செலவில் மாட்டு விலை, கொட்டகை, தீவனம், மருத்துவம், காப்பீடு. வரவில் பால், சாணம், "கன்று விற்பனை". அந்தக் கடைசி வரிதான் நெருடுகிறது.

பிறப்பதில் பாதி காளைக் கன்று. உழவு டிராக்டருக்குப் போய்விட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. திமில் சரியாக இல்லாத கலப்பினக் காளை நுகத்தடிக்கும் ஆகாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாட்டினத்தில் பெண் 14.51 கோடி, ஆண் 4.74 கோடி. அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் ஆண் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. பிறக்கும்போது சரிக்குச் சரி இருந்தது நடுவில் எங்கே போனது என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பால் விடாமல், ஈரத்தில் கட்டிப்போட்டு, "தானாகச் செத்தது" என்று முடிகிற கன்றுகள் அதில் ஏராளம்.

கேட்பது மூன்று. காளைக் கன்றைச் சரியாக வளர்த்தால் உண்மையில் எவ்வளவு செலவு? கிடேரி (பெண் கன்று) மட்டும் பிறக்கும் ஊசி இதற்குத் தீர்வாகுமா? கறவை நின்ற மாட்டைச் சட்டத்துக்கும் மனசுக்கும் ஒத்தபடி என்ன செய்வது? "கோசாலையில் விடுங்கள்" என்ற ஒற்றைவரிப் பதில் வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.


பால்கேன்

லிட்டருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் இது தெளியும். ஒரு மாடு ஓர் ஈத்துக்கு (ஒருமுறை கன்று ஈன்று கறவை நிற்கும் வரை) 2,500 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து ஈத்துக்கு 12,500 லிட்டர். அதில் காளைக் கன்று சராசரியாக இரண்டரை.

கன்றின் பிறப்பு எடை 25 கிலோ என்றால் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளைக்கு இரண்டரை லிட்டர் பால் வேண்டும். முதல் ஐந்து நாள் சீம்பால். அதைச் சொசைட்டி எடுக்காது, அதனால் அது செலவே இல்லை. ஆறாம் நாளிலிருந்து எட்டு வாரம் முடிய 51 நாள், சுமார் 128 லிட்டர். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலுக்கு உயர்த்திய 38 ரூபாயைப் போட்டால் 4,900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எட்டு வாரத்தில் பாலை மறக்கடித்து, ஆறாம் மாதம் வரை கன்றுத் தீவனம் மொத்தம் 140 கிலோ. கிலோ 35 ரூபாய் என்றால் 4,900. குடற்புழு மருந்து, சில்லறை எல்லாம் சேர்த்து ஒரு கன்றுக்கு 10,000 என்று எழுதுங்கள். அதை விற்று ஒரு பைசா வராது என்றே வைத்தாலும் இரண்டரைக் கன்றுக்கு 25,000. அதை 12,500 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 2 ரூபாய்.

இரண்டே ரூபாய். கன்றைப் பட்டினி போடுவதற்கு "கட்டுப்படியாகாது" என்று சொல்லும் காரணத்தின் முழு அளவு இவ்வளவுதான். டிகிரி (லாக்டோமீட்டர் காட்டும் பாலின் அடர்த்தி) இறங்கினாலே இந்தப் பணம் போய்விடுகிறது. கொழுப்பு 4, டிகிரி 28 இருந்தால் இதர சத்து, அதாவது கொழுப்பு தவிர்த்த திடப்பொருள், 8.2 நிற்கும் (டிகிரியை நாலால் வகுத்து, கொழுப்பை 0.21 ஆல் பெருக்கிக் கூட்டி, 0.36 சேருங்கள்). டிகிரி 26 ஆனால் 7.7 தான். முழு விலை 4.3 கொழுப்பும் 8.2 இதர சத்தும் உள்ள பாலுக்கு. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் சரியான அடர்தீவனமும் வைத்து டிகிரியைக் காப்பாற்றுகிறவர் கன்றுக்கான பணத்தை அங்கேயே எடுத்துவிடலாம்.

கறவை நின்ற மாட்டுக் கணக்கு வேறு. வைக்கோல் 5 கிலோ, பசும்புல் 10 முதல் 15 கிலோ, ஒரு கிலோ தவிடு, கூலியில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு 1,82,500. லிட்டருக்கு 14 ரூபாய் 60 காசு. ஐந்து வருஷம் என்று குறைத்தே போட்டிருக்கிறேன். ஒன்பது வயதில் கறவை நிற்கும் மாடு அதற்கு மேலும் இருக்கும். 38 ரூபாய்ப் பாலில் பதினைந்து ரூபாயை ஒதுக்க எந்தச் சிறு விவசாயியாலும் ஆகாது.

இரண்டையும் ஒரே பிரச்சினையாகப் பேசுவதால்தான் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. கன்று, பண்ணைக்குள்ளேயே தீர்க்கக்கூடிய விஷயம். கிழமாடு அப்படி இல்லை.


சினை ஊசி

கால்நடை மருத்துவப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, பிறந்த கன்று. பாலை நிறுத்திக் கொல்வதைப் போலவே, பாலைத் தாமதப்படுத்துவதும் கொல்லும். கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் கிட்டத்தட்ட இல்லை, சீம்பாலில்தான் வரவேண்டும். அந்தப் புரதத்தை அப்படியே உறிஞ்சும் வாசல் குடலில் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பால் விடலாம்" என்று ஆறேழு மணி நேரம் காத்திருப்பது மிகப் பெரிய தவறு. பிறந்து ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போகவேண்டும். முதல் நாளில் மொத்தம் இரண்டரை முதல் மூன்று லிட்டர். கன்று ஊட்டினால் நஞ்சுக்கொடி விழுவதும் எளிதாகுமே தவிரக் கெடாது.

தொப்புள் கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் முழுக்க நனையுங்கள். காயும்வரை இரண்டு மூன்று நாள் தடவவேண்டும். இதை விட்டால் தொப்புள் சீழ் பிடித்து, பத்துப் பதினைந்து நாளில் முழங்கால் மூட்டு வீங்கி, கன்று எழாது. காளைக் கன்றுகளில் இது அதிகம் வருவதற்கு அது ஆண் என்பது காரணமில்லை; அயோடின் போடாததுதான் காரணம். பத்தாம் நாளில் முதல் குடற்புழு மருந்து. தரை காய்ந்திருக்க வேண்டும். கன்று படுக்கும் இடத்தில் உங்கள் முழங்காலை அரை நிமிஷம் ஊன்றிப் பாருங்கள், வேட்டி நனைந்தால் அந்த இடம் ஆகாது.

இரண்டாவது, பாலினம் பிரித்த விந்து. கிடேரி பிறக்கும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம், அது உண்மை. ஆனால் சாதாரண உறைவிந்துக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருக்கும் இடத்தில் இதில் 20 லட்சம் அளவுதான். அதனால் சினை பிடிப்பது குறையும், தவறைப் பொறுக்காது. குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்கவேண்டும். கையிடுக்கில் வைத்து உருக்கினால் காசு வீண். சாதாரண ஊசிக்குக் காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் போடுவோம். இதற்கு இன்னும் கொஞ்சம் தள்ளி, மாடு அசையாமல் நின்று மற்ற மாட்டை ஏறவிடும் நேரத்திலிருந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. கிடேரிக்கும், கருப்பை சுத்தமாக இருக்கும் முதல் இரண்டு ஈத்து மாடுகளுக்கும் மட்டும் போடுங்கள். வழும்பு (பருவத்தில் வரும் சளி போன்ற திரவம்) கண்ணாடி போல இல்லாமல் கலங்கலாக வந்தால், அல்லது மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாடாக இருந்தால் வேண்டாம்.

ஆனால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. இன்று தவிர்க்கும் ஒவ்வொரு காளைக் கன்றுக்கும் பதில் ஒரு கிடேரி பிறக்கிறது. பத்து வருஷத்தில் அதுவும் கறவை நின்ற மாடுதான். ஐந்து மாட்டில் வருஷத்துக்கு நாலு கிடேரி என்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் புல் இருக்காது. மேலே பால்கேன் சொன்ன இரண்டு ரூபாய்ச் சிக்கலைத் தீர்த்து, பதினைந்து ரூபாய்ச் சிக்கலைப் பெரிதாக்குகிறோம். எண்ணிக்கை வேண்டும் என்ற பண்ணை, தேவைக்கு இரண்டு மாட்டுக்கு மட்டும் இதைப் போடட்டும்.


கட்டுத்தரை

நன்றிங்க டாக்டர். இதில் ஒரு சந்தேகம். காளைக் கன்று செத்தால் மாடு பால் விடாது, அதனால் வைக்கோல் அடைத்த தோல் கன்றை முன்னால் நிறுத்துவது, அதுவும் இல்லாவிட்டால் ஊசி போட்டுக் கறப்பது இரண்டும் பல இடங்களில் நடக்கிறது. ஊசி இல்லாமல், கன்றையும் நம்பாமல் பால் இறங்க வைக்க முடியுமா?


கறவைக்கை

முடியும். பால் இறங்குவது மாட்டின் மூளையிலிருந்து வரும் ஆக்சிடோசினால். காம்பில் தொடுதல் பட்டு ஒரு நிமிஷத்தில் அது மடிக்கு வந்து சேரும்; ஐந்து முதல் ஏழு நிமிஷம் வேலை செய்யும். அதற்குள் கறந்து முடிக்கவேண்டும். பலர் செய்யும் தப்பு, மடியைக் கழுவிவிட்டு பாத்திரம் தேடப் போவது, நடுவில் போன் பேசுவது. ஏழு நிமிஷம் தாண்டினால் மேல் மடியில் உள்ள பால் அப்படியே நின்றுவிடும். அதுதான் கொழுப்பு மிகுந்த கடைசிப் பால்.

வரிசை இப்படி. பாத்திரம், துணி, அடர்தீவனம் எல்லாம் முதலில் பக்கத்தில். தீவனத்தை வைத்த உடனே வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாலு காம்பையும் அரை நிமிஷம் துடையுங்கள். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சல் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக நின்றால் மடிநோய் ஆரம்பம். இதற்குள் காம்பு புடைத்து, தோல் பளபளப்பாகி, சில மாட்டில் தானாக ஒரு சொட்டு வந்து நிற்கும். அப்போது முழுக்கையால் கறக்கத் தொடங்குங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு உள்ளே புண்ணாகும். முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, மாடு அரை மணி நேரம் படுக்காதபடி புல் போடுங்கள். காம்புத் துளை மூடும்வரை அழுக்கு ஏறக்கூடாது.

மாட்டை அடித்தாலோ, புது ஆள் சத்தம் போட்டாலோ, நாய் உள்ளே வந்தாலோ அட்ரினலின் சுரந்து, வந்த ஆக்சிடோசினையும் தடுத்துவிடும். அன்றைக்குப் பால் குறைந்ததற்கு மாட்டைத் திட்டுவதில் பயனில்லை. கன்றில்லாமல் பழக்கவேண்டும் என்றால் முதல் ஈத்திலேயே, ஈன்ற நாளிலிருந்தே சீம்பாலைக் கறந்து வாளியில் கொடுங்கள். மூன்றாம் ஈத்துவரை கன்றை ஊட்டவிட்டுப் பழகிய மாட்டிடம் திடீரென்று மாற்றாதீர்கள்.

ஊசி பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தினம் ஊசி குத்திய மாடு சொந்தமாகப் பால் இறக்குவதையே மறந்துவிடும், வலியும் தனி. 1960ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பால் பெருக்க மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது குற்றம். 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.


சந்தைப்பேட்டை

கறவை நின்ற மாட்டுக்கு வர்றேன். இதுல நாம கண்ணை மூடிக்கிட்டுப் பேசினா பயன் இல்லை.

நிலமில்லாத குடும்பத்துக்கு மாடுங்கறது பால் மட்டும் இல்லை. சொசைட்டிப் பணம் வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை கைக்கு வருது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தா மாட்டையே வித்துடலாம். அந்த விற்பனை விலையில பெரும்பங்கு, அடிமாடாப் போனா என்ன கிடைக்கும்ங்கறதுதான். அது இல்லேன்னு ஆகிட்டா, கறவையில இருக்கற மாட்டு விலையும் இறங்கும், கடைசியில அவிழ்த்து விடுவாங்க. 2019 கணக்கெடுப்புல நாடு முழுக்கத் தெருவில் திரிஞ்ச மாடு 50.21 லட்சம். ராஜஸ்தான்ல 12.72 லட்சம், உத்தரப்பிரதேசத்துல 11.84 லட்சம். பிளாஸ்டிக் தின்னு, லாரியில அடிபட்டுச் சாகறது கருணை இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கும் இந்தச் சங்கிலிதான் ஒரு முனை.

சட்டம்: தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் 1958. பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னு, இல்லேன்னா நிரந்தரமா ஊனமாயிடுச்சுன்னு சான்று இருந்தாத்தான் அறுக்கலாம். பசுவுக்கும் கிடேரிக்கும் 1976 அரசாணை தனியாத் தடை போடுது. கேரளாவுல மாட்டிறைச்சிக்குத் தடை இல்லை. அதனாலதான் பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில நிக்கற வத்தல் மாடுங்க பெரும்பாலும் மேற்கே போகுது. 2017 மே மாசம் சந்தையில அறுப்புக்கு விற்கக்கூடாதுன்னு மத்திய விதி வந்தது. உயர்நீதிமன்றம் மதுரைக் கிளை தடை போட்டது, உச்சநீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டிச்சது.

கொடுமை அதிகமா நடக்கறது வண்டியில. 1978 கால்நடைப் போக்குவரத்து விதிப்படி ஒரு லாரிக்கு ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக்கூடாது. தரையில வழுக்காம தென்னை நார்ப் பாயோ பலகையோ வேணும். கூட ஒரு ஆள் இருக்கணும், வேற சரக்கு கூடாது, மாடு முடிஞ்சவரை இன்ஜின் பக்கம் பார்த்து நிக்கணும், பயணத்துக்குத் தகுதின்னு மருத்துவர் சான்று இருக்கணும். மாட்டுக்கு இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் தடுப்பு வைக்கணும்னு 2015ல மோட்டார் வாகன விதியிலயும் சேர்த்தாங்க. இந்த விதியெல்லாம் மீறித்தான் கால் இடறி விழுந்த மாட்டு மேல இன்னொரு மாடு மிதிக்குது. விழுந்ததை எழுப்ப வாலை முறுக்கறாங்க, கண்ணுல மிளகாய் தேய்க்கறாங்க.

விற்கறவங்க கையில இருக்கறது இவ்வளவு: கடைசி நாள் வரைக்கும் தீவனத்தையும் தண்ணியையும் குறைக்காதீங்க. நடக்க முடியாத மாட்டையும் நிறைசினை மாட்டையும் வண்டியில ஏத்தவே கூடாது. தரகர்கிட்ட எத்தனை மாடு ஏத்தறாருன்னு கேளுங்க. ஆறுக்கு மேல ஏத்தற வண்டிக்கு ஐந்நூறு ஆயிரம் கூடக் கிடைச்சாலும் கொடுக்காதீங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துட்ட மாட்டுக்கு மருத்துவரை வீட்டுக்கே வரவழைச்சு வலியில்லாம முடிக்கறதுதான் சரி. அதைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போறது எந்தக் கணக்குலயும் நியாயம் இல்லை.


பச்சைப்பயிர்

மேலே உள்ள எல்லாவற்றையும் படித்தேன். எல்லாம் வலியைக் குறைப்பது பற்றி. ஒன்பது வயதுவரை பால் கொடுத்த உயிரை முடிப்பதே சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. பால்கேன் போட்ட பதினைந்து ரூபாயை விவசாயி தலையில் ஏன் வைக்கவேண்டும்? கடையில் பால் வாங்குகிறவர் அந்த மாட்டின் முழு ஆயுளுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுக்க முடியாது என்றால் பாலைக் குறைத்துக் குடிக்கட்டும். பால் குடித்துவிட்டு மாட்டிறைச்சியை மட்டும் பாவம் என்று சொல்வதில் நேர்மை இல்லை. இரண்டும் ஒரே மாடு.


பால்கேன்

பச்சைப்பயிர், உங்கள் கடைசி வரியை ஏற்கிறேன். விலை வாங்குகிறவர் பக்கம் போகவேண்டும் என்பதும் சரி. ஆனால் இன்றைய விலையிலேயே அந்தப் பதினைந்து ரூபாயை இறக்க ஒரு வழி இருக்கிறது. அதே 1,82,500 ரூபாயை ஏழு ஈத்துக்கு, அதாவது 17,500 லிட்டருக்குப் பிரித்தால் 10 ரூபாய் 43 காசு. மூன்றாம் ஈத்திலேயே கழித்துவிட்டால் 7,500 லிட்டருக்கு 24 ரூபாய் 33 காசு. கன்றுக்கான 2 ரூபாய் எத்தனை ஈத்தானாலும் மாறாது. ஆகவே மாடு எத்தனை ஈத்து நிற்கிறது என்பதுதான் இதில் பெரிய எண். பல பண்ணைகளில் மாடு கிழமாகி வெளியே போவதில்லை. சினை பிடிக்காமல், மடி கெட்டு, குளம்பு கெட்டு இளவயதிலேயே போகிறது.


சினை ஊசி

அதுதான் கண்ணால் காண்பது. சினை பிடிக்காத மாட்டில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இல்லை. பருவத்தைப் பார்க்கத் தவறியதுதான். 21 நாள் சுற்று. வெயில் காலத்தில் பருவ அறிகுறி இரவிலும் விடியலிலும்தான் தெரியும், பகலில் கத்தாது. காலை ஐந்து மணி, இரவு ஒன்பது மணி என இருமுறை இருபது நிமிஷம் மாட்டின் பின்னால் நின்று பாருங்கள். வால் ஓரம் ஒட்டிக் காய்ந்த வழும்பு, குறைந்த பால், தீவனத்தில் ஆர்வமின்மை போதும். ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் ஊசி போட்டால் 13 மாதத்துக்கு ஒரு ஈத்து வரும். கறவையில் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம். பால் ஏறும் முதல் இரண்டு மாதத்தில் இதைக் குறைத்தால் உடம்பு கரைந்து பருவமே வராது. ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்தி, கடைசிக் கறவையன்று நாலு காம்பிலும் மடிநோய்த் தடுப்பு மருந்து ஏற்றவேண்டும்.

பால்கேன் கணக்கில் ஒரு திருத்தம். எட்டு வாரத்தில் பாலை நிறுத்த நாள் கணக்கு மட்டும் போதாது. கன்று தினம் முக்கால் கிலோ கன்றுத் தீவனத்தை மூன்று நாள் தொடர்ந்து தின்றால்தான் நிறுத்தலாம். தின்னாத கன்றுக்கு இன்னும் இரண்டு வாரம், 35 லிட்டர் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.


கட்டுத்தரை

எழுதிக்கொண்டேன்ங்க. அறிக்கையில் "கன்று விற்பனை" வரியை எடுத்துவிட்டு, செலவுப் பக்கம் அந்த 35 லிட்டரையும் கூட்டி "காளைக் கன்று வளர்ப்பு, லிட்டருக்கு ரூ. 2.27" என்று சேர்க்கிறோம். ஏழு ஈத்து என்று வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, கிழமாட்டு வரியை எவ்வளவு தாங்க முடிகிறது என்று இங்கேயே எண்ணோடு போடுகிறேன்.